அக்காவிடம் கேளுங்கள்: மலாவியில் குடும்பமும் கட்டுமானமும்

சென்ற இதழில், ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டில் பள்ளிக்கூடம் கட்டிக்கொண்டு நாங்கள் வாழ்ந்த காலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்கள் என் வழக்கமான மாமியார், மருமகள் கேள்விகளை எல்லாம் ஓரங்கட்டிவிட்டன. அதனால் இந்த இதழ் முழுக்க அதற்கே. முன்கதை தெரியாதவர்களுக்கு: என் வீட்டுக்காரர் கட்டட மேற்பார்வையாளர், நான் ஆசிரியை. 2017 முதல் 2024 வரை, தலைநகர் லிலோங்வேயிலிருந்து மலாவி ஏரிப் பக்கம் சலிமாவுக்கு இறங்கும் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில் இருந்தோம். ஒரு மிஷனுக்காகப் பள்ளியும் சிறு மருந்தகமும் எழுப்பும் வேலை. பெரியவனும் சின்னவளும் அங்கேதான் வளர்ந்தார்கள்.

கேள்வி: மிஷனரி என்றால் காலை முதல் மாலை வரை பிரசங்கம்தானா? உங்கள் ஒரு நாள் எப்படிப் போகும்?
— ஒரு கல்லூரி மாணவி

பிரசங்கமா! அதற்கு ஞாயிறு ஒன்றுதான். அதுவும் உள்ளூர்ப் போதகர் சிச்சேவா மொழியில் பேசுவார், நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கேட்போம். மற்ற ஆறு நாளும் வீடுதான் தங்கச்சி. தண்ணீர், அடுப்பு, துணி, பிள்ளைகளின் பாடம், வாசலில் வந்து நிற்பவர்கள். இதற்குள் நாள் முடிந்துவிடும்.

ஊர் இருட்டோடு எழுந்துவிடும். கண் விழிக்கும்போதே பக்கத்து முற்றங்களைப் பெருக்கும் சத்தம் கேட்கும். அடிபம்பில் வாளிகள் வரிசை கட்டி நிற்கும். தண்ணீர் வந்ததும் கரி அடுப்பை மூட்ட வேண்டும். அதை அங்கே ம்பாவுலா என்பார்கள். வாளி உயரத்துக்குத் தகரத்தில் அடித்த அடுப்பு. மின்சார அடுப்பும் வீட்டில் இருந்தது, ஆனால் அதை நம்பி உலை வைக்க முடியாது. அந்த நாட்டு மின்சாரத்தில் பெரும்பகுதி ஷயர் என்ற ஒரே ஆற்றிலிருந்து வருகிறது. 2022 ஜனவரியில் ஆனா புயலின் வெள்ளம் கபிசிரா அணையை உடைத்தது. ஏறக்குறைய 130 மெகாவாட் அப்படியே போயிற்று. அதற்குப் பின் மின்சாரம் வரும் நேரத்துக்காக வீடே காத்திருக்கும். வந்தால் முதல் வேலை இஸ்திரி.

இஸ்திரியா என்று சிரிக்காதீர்கள். அழகுக்காக அல்ல. அங்கே புட்ஸி என்றொரு ஈ உண்டு. கொடியில் காயும் ஈரத் துணியில் முட்டையிட்டுவிட்டுப் போகும். அந்தத் துணியை உடுத்தினால் முட்டை பொரிந்து, புழு தோலுக்குள் நுழைந்து, கட்டி மாதிரி வீங்கும். நடுவில் ஊசி முனை அளவில் ஒரு துளை இருக்கும், அதன் வழியாக அது மூச்சு விடும். வாசலைனைத் தடவித் துளையை அடைத்தால் காற்றில்லாமல் புழு மேலே வரும், அப்போது இரண்டு கட்டைவிரலாலும் மெல்லப் பிதுக்கி எடுக்க வேண்டும். சின்னவளின் முதுகில் ஒன்று எடுத்திருக்கிறேன், அரிசி அளவு இருந்தது. அவள் அழவில்லை, தம்ளரில் போட்டு வைக்கச் சொன்னாள். அதனால் வெளியில் காய்ந்த எல்லாவற்றுக்கும் சூடு காட்டியாக வேண்டும். உள்ளாடை, துண்டு, தலையணை உறை, கைக்குட்டை எதுவும் தப்பாது. தையல் ஓரங்களில்தான் முட்டை ஒளிந்திருக்கும், அங்கே பெட்டியை நிறுத்தி அழுத்த வேண்டும். மின்சாரம் இல்லாத நாளில் கரிப் பெட்டி. ஊழியத்தில் அதிகம் எதைச் செய்தாய் என்று கேட்டால், துணி தேய்த்தேன் என்றுதான் சொல்லுவேன்.

எட்டு மணிக்கு வீட்டுப் பள்ளிக்கூடம் தொடங்கும். நடுநடுவே வாசலில் “ஓடி!” என்று குரல் வரும். அங்கே கதவைத் தட்டுவதில்லை, அப்படிக் குரல் கொடுத்துவிட்டு நிற்பார்கள். வந்தவரை உட்காரவைத்து, அவர் நலம், வீட்டார் நலம், தோட்டத்து நலம் எல்லாம் விசாரித்த பிறகுதான் விஷயம். நேரே விஷயத்துக்குப் போனால் முகம் சுண்டிவிடும். ஆறு மணிக்கு இருட்டு, பிறகு கொசுவலை, ஜெபம், தூக்கம். இதற்குள் பிரசங்கத்தை எங்கே நுழைக்க?

கேள்வி: நான் சிவில் டிப்ளமா படிக்கிறேன். ஆறு வகுப்பறை கட்ட மூன்று ஆண்டு ஆனது என்று எழுதியிருந்தீர்கள். இங்கே எட்டு மாத வேலை அது. எங்கே தடங்கல்?
— ஒரு மாணவர்

தம்பி, இந்தக் கேள்வியை என் வீட்டுக்காரரிடம் நீட்டினேன். “உட்காரச் சொல், ஒரு மணி நேரம் ஆகும்” என்றார். நான் சுருக்கிச் சொல்கிறேன்.

முதலில் வானம். நவம்பரில் தொடங்கும் மழை ஏப்ரல் வரை போகும். அந்த மாதங்களில் பச்சைச் செங்கல் காயாது, லாரி சேற்றில் இறங்கிவிடும், வேலையாட்கள் அவரவர் சோள வயலில் இருப்பார்கள். அது அவர்களுடைய ஓராண்டுச் சாப்பாடு, கூப்பிடவும் கூடாது. ஆக மே முதல் அக்டோபர் வரைதான் கட்டும் காலம். நவம்பருக்குள் தகரம் ஏறவில்லை என்றால் சுவரை மழைக்குத் தின்னக் கொடுக்க வேண்டியதுதான். முதல் மழை காற்றோடு வரும். அதனால் தகரத்தை ஆணி அடிப்பதோடு விடாமல், கூரை மரத்தை இரும்புப் பட்டையால் சுவருக்குள் பல வரிசை கீழே வரை கட்டி இறக்குவார்கள்.

அடுத்தது செங்கல். கடையில் போய் வாங்கும் பொருளல்ல, அதை நாமே விளைவிக்க வேண்டும். கரையான் புற்று மண் அதற்கு நல்ல மண், பசை இருக்கும். மிதித்துக் குழைத்து, மர அச்சில் அடித்து, புல் மூடிக் காயவைத்து, பிறகு சூளை அடுக்குவார்கள். அடியில் விறகு தள்ள வரிசையாக வாய்கள் விட்டு, ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, வெளிப்புறம் முழுக்கச் சேறு பூசி நெருப்பு வைப்பார்கள். இரவும் பகலும் எரியும், ஆற ஒரு வாரத்துக்கு மேல் பிடிக்கும். பிரித்ததும் இரண்டு கல்லை எடுத்து மோதிப் பார்ப்பார் எங்கள் தலைமைக் கொத்தனார். கணீரென்றால் சுவருக்கு, மந்தமாகக் கேட்டால் தோட்டத்து நடைபாதைக்கு. ஓரத்துக் கற்கள் பெரும்பாலும் வேகாது. முதல் சூளைக்கு ஒரு பெரிய மாமரம் முழுதாகப் போயிற்று. அது விழுந்த இடத்தைப் பார்த்த பிறகு என் வீட்டுக்காரர், இரண்டாவது தொகுதிக்குச் சுட்ட செங்கலை விட்டுவிட்டு, மண்ணோடு கொஞ்சம் சிமென்ட் கலந்து கைமெஷினில் அழுத்தும் கட்டிக்குப் போனார். அதற்கு நெருப்பு வேண்டாம், ஆனால் நாள்தோறும் தண்ணீர் தெளித்துப் பதப்படுத்த வேண்டும். தண்ணீர் சுமக்க ஆள் வேண்டும். ஒன்றைத் தொட்டால் ஒன்று.

கரையான் நமக்குச் செங்கல் மண் கொடுக்கும், பதிலுக்கு நிலைக்கதவைத் தின்னும். அஸ்திவாரத்துக்கு மருந்து, அதற்கு மேல் ஈரம் ஏறாமல் பிளாஸ்டிக் விரிப்பு, கூரைக்கு மருந்து ஊறிய பைன் மரம். தகரத்தில் 32 கேஜ் மலிவு, கையால் வளைக்கலாம். 28 கேஜ்தான் தாங்கும். கேஜ் எண் கூடினால் தகடு மெலியும் என்பது உனக்குத் தெரியும், பணம் அனுப்புகிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் ஒரு மாதம் போய்விட்டது.

மூன்றாவது பணம். 2023 நவம்பரில் அந்நாட்டு ரிசர்வ் வங்கி, க்வாச்சா என்ற தங்கள் நாணயத்தின் மதிப்பைக் குறைத்தது. டாலருக்கு 1,180 ஏறக்குறைய என்று இருந்தது ஒரே நாளில் 1,700 ஆனது. வெளியிலிருந்து டாலர் வந்தால் லாபம்தானே என்பார்கள். சிமென்ட்டும் தகரமும் டீசலும் அதே வாரம் ஏறிவிட்டன. ஏறாதது ஒன்றுதான், சித்தாளின் கூலி. அதை நாங்களாக ஏற்றினோம், அதற்கு அனுப்பும் சபைக்கு நீண்ட கடிதம் எழுத வேண்டியிருந்தது.

நான்காவது சாவு. ஊரில் ஒருவர் இறந்தால் வேலை நிற்கும். ஊர்த்தலைவர் சொல்லி அனுப்புவார். அடக்கம் முடியும் வரை சம்மட்டிச் சத்தம் கேட்கக் கூடாது. கான்கிரீட் கலவை போட்டு வைத்த நாளிலும் அப்படித்தான். அந்தக் கலவை வீணாகத்தான் போனது. எல்லா ஆண்களும் குழி வெட்டப் போனார்கள், இவரும் மண்வெட்டியோடு போனார். அந்த ஒரு நாளுக்குப் பின்தான் எங்கள் வேலையை ஊர் வேலை என்று அவர்கள் பேசத் தொடங்கினார்கள். அட்டவணையில் இதை எந்தக் கட்டத்தில் போடுவாய்?

உனக்கு ஒரு முன்னோடியையும் சொல்கிறேன். அதே நாட்டில் பிளான்டையர் நகரத்தில் புனித மிக்கேல் ஆலயம் இருக்கிறது. 1888-ல் தொடங்கி 1891-ல் முடித்தார்கள். கட்டியவர் டேவிட் கிளமென்ட் ஸ்காட் என்ற ஸ்காட்லாந்து மிஷனரி, கட்டடக்கலை படித்தவரே அல்ல. உள்ளூர் ஆட்களுக்கு வேலை கற்றுக்கொடுத்து, அங்கேயே சுட்ட செங்கலில் வளைவும் கோபுரமும் குவிமாடமுமாக எழுப்பிவிட்டார். இன்றும் நிற்கிறது. எனக்கு அதில் பிடித்தது கோபுரம் அல்ல. அந்தச் செங்கலை அடித்தவர்களும் அடுக்கியவர்களும் அந்த ஊர்க்காரர்கள், ஸ்காட் போன பின்பும் அந்தக் கைகள் அங்கேயே இருந்தன.

கேள்வி: கட்டியதில் எது உருப்படியான வேலை என்று நினைக்கிறீர்கள்?
— ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

கழிப்பறை, ஐயா. பெண்பிள்ளைகளுக்கான கழிப்பறை.

வகுப்பறைக்குத் திறப்பு விழா, ரிப்பன், புகைப்படம் எல்லாம் உண்டு. கழிப்பறைக்கு முன்னால் யாரும் நின்று படம் எடுத்துக்கொள்ளவில்லை. நாங்கள் கட்டியது காற்றுக்குழாய் வைத்த குழிக் கழிப்பறை. 1970-களில் அன்றைய ரொடீசியாவில், இன்றைய ஜிம்பாப்வேயில், உருவான முறை. உள்ளே இருட்டாக வைப்பார்கள். குழியிலிருந்து ஒரு குழாய் கூரைக்கு மேல் போகும், அதன் தலையில் கம்பி வலை. மேலே காற்று அடிக்கும்போது குழியின் நாற்றத்தைக் குழாய் உறிஞ்சிக்கொள்ளும். குழியில் பிறக்கும் ஈ வெளிச்சத்தைத் தேடிக் குழாயில் ஏறி வலையில் முட்டிச் செத்துவிடும். மின்சாரம் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். அதில் பெரிய பெண்களுக்கு என்று தாழ்ப்பாள் போட்ட ஓர் அறையைத் தனியாக ஒதுக்கி, உள்ளே ஒரு வாளித் தண்ணீரும் வைத்தோம். மாதத்தில் சில நாள் வராமல் இருந்தவர்கள் வரத் தொடங்கினார்கள். வருகைப் பதிவேட்டை நானே வைத்திருந்தேன், அதனால் தெரியும்.

இரண்டாவது அடிபம்பு. ஆஃப்ரிடெவ் என்ற வகை. அதன் சிறப்பே ஊர்க்காரர்கள் தாங்களே பழுது பார்க்க முடியும் என்பதுதான். ஒரே ஸ்பேனர் போதும். உள்ளேயிருக்கும் ரப்பர் வளையமும் பிளாஸ்டிக் புஷ்ஷும் தேய்ந்தால், குழாய் முழுவதையும் பிடுங்காமல் கம்பியை மட்டும் உருவி எடுத்து மாற்றலாம். பம்புக் கமிட்டியில் பெரும்பாலும் பெண்கள். சித்தேஞ்சே துணியை இடுப்பில் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஸ்பேனரைச் சுற்றுவார்கள். எங்கள் வளாகத்துக்கு ஒரு நன்கொடையாளர் வாங்கித் தந்த சோலார் மோட்டார், கட்டுப்பாட்டுப் பெட்டி எரிந்து, தலைநகரத்து மெக்கானிக்குக்காக மாதக்கணக்கில் தூங்கியது. அந்த மாதங்களில் எங்கள் குடும்பமும் வாளியோடு அந்தப் பெண்களின் பம்பு வரிசையில்தான் நின்றது. நாம் இல்லாத அன்று இதை யார் சரிசெய்வார் என்ற கேள்விக்குப் பதில் இல்லாத எதையும் கட்டக் கூடாது என்று என் வீட்டுக்காரர் அப்போதுதான் ஒரே பிடியாகப் பிடித்தார். நானும் அந்தக் கட்சிதான்.

கேள்வி: பாம்பு உண்டா?
— ஏழாம் வகுப்பு வாசகன்

உண்டு. நீ செருப்பை உதறிவிட்டுப் போட்டுக்கொள்ளும் பழக்கத்தை இன்றைக்கே தொடங்கு, தேளுக்கும் ஆகும்.

கேள்வி: கைக்குழந்தையோடு ஆப்பிரிக்கா என்றாலே பயமாக இருக்கிறது. பிள்ளைகளை அப்படி இழுத்துக்கொண்டு போவது நியாயமா? அவர்கள் படிப்பு, உடம்பு என்ன ஆகும்?
— ஓர் இளம் தாய்

உங்கள் பயம் சரியான பயம்தான் அம்மா. ‘கர்த்தர் பார்த்துக்கொள்வார்’ என்று ஒரே வரியில் மூடிவிட மாட்டேன். கர்த்தர் பார்த்துக்கொள்வார், கொசுவலையை நாம்தான் செருக வேண்டும்.

மலேரியாவிலிருந்து தொடங்குவோம். அந்த நாட்டில் மிஷனரிகள் கட்டியதைவிட அது அடக்கம் செய்தது அதிகமோ என்று தோன்றும். 1875-ல் ஏரியின் தெற்கு முனையில் கேப் மெக்ளியரில் லிவிங்ஸ்டோனியா மிஷன் தொடங்கியது. கல்லறைகள் பெருகவே 1881-ல் பண்டாவேக்கு மாறினார்கள். அங்கேயும் காய்ச்சல். 1894-ல்தான் கொண்டோவே மலைமேல் ஏறினார்கள். இன்று நிலைமை வேறு. விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து, கால் மணி நேரத்தில் பட்டையில் கோடு பார்த்துவிடலாம். மருந்து மூன்று நாள், ஆறு வேளை. கொழுப்புள்ள உணவோடு விழுங்கினால்தான் உடம்பில் ஏறும், அதனால் பிள்ளைகளுக்கு நிலக்கடலை வெண்ணெயோடு கொடுப்பேன். 2019 ஏப்ரலில் குழந்தைகளுக்கான மலேரியாத் தடுப்பூசித் திட்டம் உலகத்திலேயே முதலில் தொடங்கியது மலாவியில்தான். எங்கள் பக்கத்து வீட்டு அம்மாக்கள் முதுகில் பிள்ளையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்று போட்டுக்கொண்டு வந்தார்கள். என் விதி ஒன்றே ஒன்று: காய்ச்சல் என்றால் அன்றைக்கே பரிசோதனை, நாளைக்குப் பார்க்கலாம் என்ற பேச்சே இல்லை. ஏரி பார்க்க அழகு, ஆனால் நாணல் ஓரத்து நத்தைகளில் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணிப் புழு இருக்கிறது. ஆழமும் அலையும் உள்ள இடத்தில் மட்டும் இறங்கவிடுவோம், பிறகு மாத்திரையும் உண்டு.

படிப்பை நானே பார்த்தேன். பெரியவனுக்குப் பதின்மூன்று ஆனதும் விடுதிப் பள்ளிக்கு அனுப்பச் சொல்லிப் பலர் நெருக்கினார்கள். அனுப்பவில்லை. அனுப்பியவர்களைக் குறை சொல்லவும் இல்லை.

இந்த இடத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு மிஷனரியும் ஆப்பிரிக்கப் பயணியுமான டேவிட் லிவிங்ஸ்டனைப் பற்றி எனக்கு ஒரு வழக்கு உண்டு. அவர் பெரியவர்தான். ஆனால் வீட்டு விஷயத்தில் நான் அவர் மனைவி மேரி பக்கம். மேரி மிஷனரி மகள், ஆப்பிரிக்காவிலேயே பிறந்து, இன்றைய தென்னாப்பிரிக்காவின் குருமானில் வளர்ந்தவள். இன்றைய போட்ஸ்வானாவில் கொலொபெங்கில் வீடு கட்டிக் குடியேறினார்கள். அவர் வெளியே கொல்லன், தச்சன், கொத்தன். அவள் உள்ளே சோப்பும் மெழுகுவத்தியும் ரொட்டியும். எறும்புப் புற்றைக் குடைந்துதான் அடுப்பு. 1850-ல் ஒரு பச்சிளங்குழந்தையைப் பறிகொடுத்தாள். 1852-ல் கேப் டவுனில் அவளையும் நான்கு பிள்ளைகளையும் கப்பலேற்றி இங்கிலாந்துக்கு அனுப்பிவிட்டு அவர் உள்நாட்டுக்கு நடந்தார். பிரிட்டனில் நிலையான வீடில்லாமல் பணமில்லாமல் அவள் நான்கு ஆண்டு அலைந்தாள். கடைசியில் 1862-ல் கணவரைத் தேடி ஜாம்பேசி ஆற்றுக்கு வந்து, மூன்றே மாதத்தில் ஷுபாங்காவில் காய்ச்சலில் போய்விட்டாள். மூத்த மகன் ராபர்ட், தகப்பன் பெயரை மறைத்து அமெரிக்க உள்நாட்டுப் போரில் சிப்பாயாகச் சேர்ந்து, 1864-ல் கைதி முகாமில் செத்தான். லிவிங்ஸ்டன் போட்ட வரைபடங்களைப் பள்ளியில் சொல்லிக்கொடுக்கிறோம். மேரியையும் ராபர்ட்டையும் பற்றி அதே வகுப்பில் சொல்லட்டும்.

அதனால் உங்களுக்கு என் பதில்: பிள்ளைகளை அழைத்துப் போவதில் அநியாயம் இல்லை. அழைத்துப் போய்விட்டு அவர்களை ஊழியத்துக்கு இடைஞ்சலாகப் பார்ப்பதுதான் அநியாயம். திரும்பி வந்த பிறகும் கொஞ்சம் சிரமம் உண்டு. எந்த ஊர் என்று கேட்டால் என் மகள் ஒரு நொடி யோசிக்கிறாள். இப்படி வளரும் பிள்ளைகளை ‘மூன்றாம் பண்பாட்டுப் பிள்ளைகள்’ என்று பெயரிட்டுப் பேசியவர் ரூத் ஹில் யூஸீம் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர். 1950-களில் இந்தியாவில் வாழ்ந்த அமெரிக்கக் குடும்பங்களைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த எண்ணமே வந்தது. இதைச் சொன்னதும் என் மகள், “அப்போ நான் அங்கேயும் இங்கேயும் திருப்பி அடிச்ச பந்தாம்மா?” என்றாள். அவளுக்கு ஒன்றும் ஆகாது.

கேள்வி: பசியில் இருப்பவனுக்குப் பள்ளிக்கூடம் காட்டி மதம் மாற்றுவதுதானே இதெல்லாம்? பூசி மெழுகாமல் பதில் சொல்லுங்கள்.
— ஒரு வாசகர்

பூச மாட்டேன். நான் விசுவாசி, அதை மறைத்துக்கொண்டு அங்கே இருக்கவில்லை. ஆனால் மலாவியில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் ஏற்கெனவே கிறிஸ்தவர்கள். எங்களுக்கு நூறு ஆண்டு முன்பிருந்தே அங்கே சபை இருக்கிறது. எங்களைக் கூப்பிட்டதும் அவர்கள், ஞாயிறன்று எங்களுக்குப் போதித்ததும் அவர்கள். ஏரிக்கரையில் யாவோ மக்கள் பெரும்பாலும் முஸ்லிம்கள். கணீர் என்று செங்கலைத் தட்டிப் பார்ப்பார் என்றேனே, அந்தத் தலைமைக் கொத்தனார் முஸ்லிம்தான். வெள்ளி மதியம் தொழுகைக்குப் போவார், அந்த நேரத்துக்கு வேலை வைப்பதில்லை. பள்ளியில் சேர ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்டதில்லை.

ஆனாலும் உங்கள் கோபத்தில் ஒரு பாதி நியாயம் உண்டு. சோறு போடும் கை பேசினால், கேட்பவனுக்கு மறுத்துப் பேசும் தைரியம் குறையும். அதனால் சோள மூட்டை கொடுக்கும் இடத்தில் வேதம் பேசுவதில்லை என்று நாங்கள் வைத்திருந்தோம். எல்லா மிஷனும் அப்படி இருக்கிறதா என்றால், இல்லை. அதற்கு நான் வக்காலத்து வாங்கவும் போவதில்லை.

கேள்வி: வீட்டில் வேலைக்கு ஆள் வைத்திருந்தீர்களாமே? ஊழியக்காரருக்கு அது தேவையா?
— ஒரு சபை மூப்பர்

ஐயா, தேவை எனக்கு இருந்ததோ இல்லையோ, ஊருக்கு இருந்தது. மாதச் சம்பளம் வாங்குபவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஊரில், சம்பளம் கொடுக்க வசதியுள்ள வீடு தானே துவைத்துத் தானே பாத்திரம் கழுவினால் எளிமை என்று யாரும் சொல்ல மாட்டார்கள், கஞ்சத்தனம் என்பார்கள். ஒரு அம்மாவும் ஒரு காவலாளியும் இருந்தார்கள். எழுத்தில் ஒப்பந்தம், வார விடுப்பு, பிள்ளைகள் பள்ளிச் செலவு, வீட்டில் சாவு விழுந்தால் பெட்டிச் செலவு. ந்சிமா கிண்ட அந்த அம்மாதான் கற்றுக்கொடுத்தார். வெள்ளைச் சோளமாவில் நம் களியைப் போலவே கிண்டுவது, ஆனால் அவர் துடுப்பு பிடிக்கும் வேகம் எனக்குக் கடைசிவரை வரவில்லை.

கஷ்டம் வாசலில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை குதிர்கள் காலியாகிவிடும், புதுச் சோளம் இன்னும் முற்றியிருக்காது. அந்த மாதங்களில் காலையிலேயே ஆட்கள் வந்து நிற்பார்கள். பிச்சை கேட்க மாட்டார்கள், கன்யு இருக்கிறதா என்பார்கள், அதாவது அன்றாடக் கூலி வேலை. எனக்கு வேலை இருக்காது. ஆனாலும் வேலி சரிசெய்ய, கல் பொறுக்க, வாய்க்கால் வெட்ட என்று எதையாவது உண்டாக்கிச் சோளமாகக் கொடுப்போம். எல்லாருக்கும் கொடுக்க முடியாது. யாரைத் திருப்பி அனுப்புவது என்று முடிவு செய்த காலைகளில் எனக்குச் சாப்பாடு இறங்கியதில்லை. பிறகு அந்தப் பட்டியலை ஊர்த்தலைவரும் சபைப் பெண்களும் போடட்டும் என்று ஒப்படைத்தோம். யார் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

கேள்வி: எங்கள் வாலிபர் குழுவில் இருபது பேர் இரண்டு வாரம் வந்து ஒரு சுவராவது கட்டிக் கொடுக்க ஆசைப்படுகிறோம். ஏற்பாடு செய்ய முடியுமா?
— வாலிபர் குழுச் செயலாளர்

ஆசை நல்லது. சுவர் வேண்டாம்.

உங்களில் யாராவது கொத்து வேலை தெரிந்தவரா? இல்லை என்றால் அங்கே தெரிந்த இருபது பேர் வேலையில்லாமல் நிற்க, தெரியாத இருபது பேர் கரண்டி பிடிப்பீர்கள். இருபது பேரின் விமானச் செலவை அவர்களின் கூலியாக மாற்றினால் ஒரு வகுப்பறையே எழும்பும். அதற்கும் மேல், வருகிறவர்களுக்குச் சமைத்து, கொதித்த தண்ணீர் நிரப்பி, வயிற்றுப்போக்குக்கு உப்புச் சர்க்கரைக் கரைசல் கலக்கி, அவர்கள் துணியையும் தேய்ப்பது யார்? இஸ்திரிக் கதையை மேலே படித்தீர்கள் அல்லவா.

ஐ.டி.ஐ.யில் வெல்டிங் சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர் ஒருவர், சோலார் பேனல் கட்டுப்பாட்டுப் பெட்டியைப் பிரித்துப் பழுது பார்க்கத் தெரிந்தவர் ஒருவர், இப்படி இரண்டு பேரை ஆறு மாதத்துக்கு அனுப்புங்கள். மற்ற பதினெட்டுப் பேரும் அவர்களுக்குப் பணம் சேருங்கள்.

கேள்வி: நானும் கணவரும் அடுத்த ஆண்டு அந்தப் பக்கம் போகத் தீர்மானித்திருக்கிறோம். என்னென்ன எடுத்துக்கொள்ள வேண்டும், எதை இங்கேயே விட்டுவிடலாம்?
— பெயர் வேண்டாம் என்கிறார்

சந்தோஷம் மகளே. மசாலாப் பொடியை அடுக்காதே. லிலோங்வேயில் குஜராத்தி வியாபாரிகளின் கடைகள் நிறைய, பருப்பு, மஞ்சள், சீரகம் எல்லாம் கிடைக்கும். பிரஷர் குக்கர் கொண்டு போ, கூடவே நான்கைந்து கேஸ்கட்டும் சேஃப்டி வால்வும். கரி அடுப்பில் பீன்ஸ் வேகவைக்க அது இல்லாமல் முடியாது. அங்கே சதுரக் கால் மூன்று ஊசி பிளக், இங்கே உள்ளது பொருந்தாது, மாற்றி வாங்கிக்கொள். வோல்டேஜ் ஒன்றுதான். நல்ல கொசுவலை இரண்டு, நூலும் ஊசியும், பிள்ளைகள் இருந்தால் வரும் இரண்டு ஆண்டுக்கான அளவில் செருப்பு. கணவர் கட்டுமானத்தில் இருக்கிறார் என்றால் ரசமட்டமும் தூக்குக்குண்டும் அவருக்குப் பழகியதையே எடுத்துக்கொள்ளட்டும். முட்டிக்குக் கீழ் வரும் பாவாடை போதும், மற்றதற்குச் சித்தேஞ்சே இருக்கிறது. பெரியவர் முன் எதைக் கொடுத்தாலும் இரண்டு கையாலும், கொஞ்சம் முழங்காலை மடக்கிக் கொடு. அங்கே பெண்கள் அப்படித்தான்.

மூன்று மாதமாவது வேறு வேலை இல்லாமல் சிச்சேவா மட்டும் படிக்க விடச் சொல்லி அனுப்பும் சபையிடம் எழுதி வாங்கிக்கொள். வாய்ப்பேச்சாக விட்டால், போன மறுவாரமே உன்னைப் பள்ளிக் கணக்கு எழுத உட்காரவைப்பார்கள். திருமணச் சான்றிதழ், படிப்புச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் சான்றளித்த நகல்கள் நான்கைந்து தொகுதி. வேலை அனுமதிக்கு ஒரு தொகுதி போதும் என்று யார் சொன்னாலும் நம்பாதே.

இன்னொன்று, பலர் மறப்பது. மலாவிக்கு விமானம் பெரும்பாலும் எத்தியோப்பியா அல்லது கென்யா வழியாகத்தான். அவை மஞ்சள் காய்ச்சல் பட்டியலில் உள்ள நாடுகள், திரும்பும்போது இந்திய விமான நிலையத்தில் தடுப்பூசி அட்டை கேட்பார்கள். அட்டை இல்லை என்றால் தனிமைப்படுத்தி வைக்கவும் கூடும். ஊசி போட்டுப் பத்து நாள் கழிந்த பிறகுதான் அட்டை செல்லும், அதன்பின் ஆயுளுக்கும் செல்லும். ஆகவே டிக்கெட் தேதியைப் பார்த்துக்கொண்டு இப்போதே போட்டுவிடு.